வீட்டுக் கணினியின் சோர்வு



வன்னி மண்ணில் வாழ்ந்தவர்களுக்குப் பழைய யந்திரத்தைப் பேணி உயிர்ப்பிக்கும் வித்தையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கு மின்சாரமும் இல்லை. மின்கலமும் எளிதிற் கிட்டவில்லை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதிகட்டையை ஒருவர் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னாற் பேசிய வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து அயலார் யாவரும் செய்தி கேட்டனர். பெற்றோல் கிட்டாத அந்நாட்களில், மண்ணெண்ணெயில் ஓடப் பழகிக்கொண்ட பழைய கார்களும் நம் வீதிகளில் உலவின. அவ்வித்தையின் உயிர்நாடி ஒன்றே ஒன்று: யந்திரம் தளர்ந்தால் அதனை வெறுத்து ஒதுக்காமல், தளர்ந்த உறுப்பு எது என்று பொறுமையுடன் கண்டறிதல். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. யந்திரம் மாத்திரம் வேறு. வீட்டின் மூலையில் இருந்துகொண்டு ஆமைபோல் நகர்கின்ற பழைய கணினியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

ஒரு வீட்டை மனக்கண் முன் கொணர்வோம். கிளிநொச்சியை அடுத்த ஒரு குடியேற்றக் கிராமம். இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் தந்தை. வீட்டையும் கோழிகளையும் பார்த்துக்கொள்ளும் தாய். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள். யாழ்தேவி மீண்டும் கிளிநொச்சி வரை வந்த 2013ஆம் ஆண்டையொட்டி, வவுனியாவில் வாங்கி வந்த மேசைக் கணினி ஒன்று அவ்வீட்டில் உண்டு. மின்சாரம் வந்த பின் வாங்கிய முதற் பெரிய பொருள் அதுவே. இன்று மகள் அதன் பொத்தானை அழுத்திவிட்டு, அடுப்பை மூட்டித் தேநீர் வைத்துக் குடித்துவிட்டு வந்தாலும், திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கின்றது. "புதிது வாங்கித் தாருங்கள், அப்பா" என்று கேட்க அவளுக்குத் தயக்கம்; கேட்காமலே அறிந்துகொண்ட தந்தைக்கோ, தாயின் சங்கிலியை அடகு வைப்பதா, வரும் காலபோக நெல்லை விற்பதா என்ற கவலை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. அதன் பின் புதிய கணினி என்பது சாதாரண விவசாயக் குடும்பம் நினைத்தவுடன் வாங்கக்கூடிய பொருளாக இல்லை. ஆகவே, பழையதைச் சீர்செய்ய இயலுமா என்ற கேள்வி அவ்வீட்டுக்கு வெறும் பொழுதுபோக்கு விசாரணை அன்று. சங்கிலி வீட்டில் இருப்பதும் அடகுக் கடைக்குப் போவதும் அதனையே பொறுத்தது.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்ப்போம். கணினி மாட்டைப் போல் மூப்படைவதில்லை. அதனுள் இருக்கும் கணிக்கும் சில்லு, வாங்கிய முதல் நாளில் ஒரு வினாடியில் எத்தனை கணக்குகளைச் செய்ததோ, அநேகமாக அத்தனையையே இன்றும் செய்ய வல்லது. மாறியது என்ன? நாம் அதன்மேல் ஏற்றும் சுமை மாறியது. பாஸ்கல் என்னும் கணினி மொழியை உருவாக்கிய சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், 1995ஆம் ஆண்டிலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். யந்திரங்கள் வேகம் பெறுவதிலும் விரைவாக மென்பொருள்கள் பருத்துக் கனத்துப் போகின்றன என்பது அவர் கருத்து. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையப் பக்கம் சில சொற்களையும் ஓரிரு படங்களையும் தாங்கி வந்தது. இன்று அதே பக்கம் அசையும் படங்களையும் விளம்பரங்களையும் சுமந்து வருகின்றது. வண்டி அதே வண்டி; ஏற்றப்பட்ட மூட்டைகளே கூடின.

இனிக் கணினியின் உள்ளே நடப்பது யாது என்று பார்ப்போம். நம்மூர்ச் சங்கக்கடையை உவமையாகக் கொள்ளலாம். அங்கே விற்பனையாளர் ஒருவர். அவர் முன்னே ஒரு மேசை. பின்புறத்தே மூட்டைகள் அடுக்கிய களஞ்சிய அறை. கணிக்கும் சில்லே விற்பனையாளர். ராம் என வழங்கும் நினைவகமே மேசை. ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டே களஞ்சியம். வேண்டிய பொருள் மேசையில் இருந்தால் விற்பனையாளர் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துக் கொடுப்பார். மேசை சிறியதாகி இடம் போதாதபோது, ஒன்றைக் களஞ்சியத்திற் கொண்டுபோய் வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்து வர வேண்டும். விற்பனையாளர் எத்தனை சுறுசுறுப்பானவராயினும், நாள் முழுவதும் நடையிலேயே கழியும்.

பழைய கணினிகளில் அக்களஞ்சியம் பெரும்பாலும் சுழலும் தட்டாகவே இருக்கும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. அத்தனை பெரிய யந்திரம் கொண்டது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று அது உள்ளங்கையளவாகச் சுருங்கி, அதனிலும் பல இலட்சம் மடங்கு கொள்கின்றது. ஆயினும் தத்துவம் பழையதே: தட்டு சுழல, ஊசி போன்ற ஒரு கை நகர்ந்து வேண்டிய இடத்தைத் தேடுகின்றது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரி அரைச் சுற்று; கை நகரும் நேரத்தையும் கூட்டினால் ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 15 மில்லிசெக்கன். அதாவது, ஒரு வினாடியில் அறுபது எழுபது தேடல்களே இயலும். கணினி எழும்பும்போதோ பல்லாயிரம் சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருக்கின்றது. தேநீர் குடித்து முடியும் வரை வட்டம் சுழல்வதன் காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ?

காரணத்தை அறிந்தோம், உடனே கைவைத்துவிடலாமா? பொறுங்கள். எல்லாவற்றுக்கும் முதலிற் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வீட்டோடு புகைப்பட அல்பத்தையும், காணி உறுதியையும், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் இழந்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. பிற்காலத்தில் வெளிநாட்டு உறவினர் தேடி அனுப்பிய ஒரு பழைய கலியாணப் படம், இறந்த தமையனின் ஒரே முகம், பிரதியெடுத்து வைத்த உறுதி, இவை இன்று அந்தப் பழைய கணினிக்குள்ளேயே கிடக்கின்றன. கணினியை விரைவுபடுத்தப் போய் அவற்றை மீண்டும் ஒருமுறை இழத்தல் ஆகாது. ஆதலின், வேண்டிய யாவற்றையும் வேறு இரண்டு இடங்களிற் பிரதி செய்துகொள்ளுங்கள். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் இருப்பது மேலும் நன்று. கணினியினுள்ளே "டிக், டிக்" என்று இடைவிடாத ஓசை கேட்குமாயின், தட்டு சாகும் தறுவாயில் இருக்கின்றது என்று கொள்ளலாம். அந்நிலையில் வேகம் பற்றிய பேச்சையே விட்டுவிடுங்கள். மிக முக்கியமானவற்றை முதலிற் பிரதி செய்துவிட்டு, கணினியை நிறுத்தி, கைதேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பிரதி செய்யும்போது மறவாமல் எடுத்து வைக்க வேண்டிய சிறு பொருள் ஒன்றும் உண்டு. அதுவே பாமினி எழுத்துரு. நம் நாட்டிற் பல ஆண்டுகளாகத் தமிழ்க் கடிதங்களும் வினாத்தாள்களும் சங்க அறிக்கைகளும் பாமினியிலேயே தட்டெழுதப்பட்டன. கணினியைத் துடைத்துப் புதிதாக அமைத்தபின் அவ்வெழுத்துரு இல்லையேல், ஆசிரியர் ஒருவரின் பத்தாண்டு உழைப்பும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே திரையில் தோன்றும். எழுத்துருவை எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை. காலக்கிரமத்தில் அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது நிலையான பரிகாரம்.

அடுத்தது நாடி பிடித்தல். குறை கணினியில் உள்ளதா, இணையத் தொடர்பில் உள்ளதா என்று பிரித்தறிதல் வேண்டும். முல்லைத்தீவின் காட்டோரக் கிராமங்களில் அலைவரிசை மெலிந்திருப்பது யாவரும் அறிந்ததே. இணையத்தைத் துண்டித்துவிட்டு, கணினியிலேயே சேமித்த ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். அது விரைவாகத் திறந்தால், குற்றவாளி கணினி அன்று; தொடர்பே. அதற்காகக் கணினிக்குப் பணம் செலவிடுவது, தலைவலிக்குக் காலிற் கட்டுப்போடுவது போலாகும்.

கோப்பும் மெதுவாகவே திறந்தால், விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை தோன்றும். சில்லு, நினைவகம், தட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை வீதம் உழைக்கின்றது என்பதை அது காட்டும். சில்லு பத்து வீதமும் தட்டு நூறு வீதமுமாக இருந்தால், களஞ்சியத்துக்கு நடந்தே விற்பனையாளர் களைக்கின்றார் என்பது பொருள். நினைவகம் தொண்ணூறைத் தாண்டி நின்றால் மேசை போதவில்லை. சில்லே எந்நேரமும் நூறில் நின்றால், வேண்டாத மென்பொருளோ நச்சுநிரலோ அதனை ஆட்டிப்படைக்கின்றதா என்று பார்க்க வேண்டும். எண்களை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியதிலிருந்து வேலை தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்பதையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பரிகாரத்தின் பின்னும் அளந்து பார்த்தாலன்றி, எது பலித்தது என்று தெரியாது.

இனிப் பணம் செலவாகாத பரிகாரங்களைச் சொல்லுகின்றேன். அதே பலகையில் ஸ்டார்ட்அப் என்றொரு பகுதி உண்டு. கணினி எழும்பும்போது அழையாத விருந்தாளிகளாக உடன் எழும்பும் மென்பொருள்களின் பட்டியல் அது. நச்சுநிரற் காப்பையும், ஒலி, திரை ஆகியவற்றுக்குரியனவற்றையும் விட்டுவிட்டு, அன்றாடம் வேண்டாதவற்றை நிறுத்திவிடலாம். நிறுத்துவது அழிப்பதன்று, வேண்டியபோது மீண்டும் திறக்கலாம். ஒருபோதும் பாவிக்காத மென்பொருள்களை முறைப்படி அகற்றிவிடுங்கள். தட்டில் ஐந்தில் ஒரு பங்கு இடமாவது காலியாக இருக்கட்டும். நிறைந்த களஞ்சியத்தில் மூட்டை தேடுவது கடினம். உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியை நோவதிற் பயனில்லை. ஒவ்வொரு பக்கமும் மேசையில் இடம் பிடிக்கின்றது.

மற்றுமொரு நுட்பம்: விண்டோஸ் எட்டாம் பதிப்பு முதல், நாம் "ஷட் டவுன்" செய்யும்போது பல கணினிகள் முற்றாக அணைவதில்லை. விரைந்து எழும்புவதற்காகத் தம் நிலையின் ஒரு பகுதியைத் தட்டில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணயர்கின்றன. ஆகவே பழைய சிக்கலும் மறுநாள் கூடவே எழும்பலாம். "ரீஸ்டார்ட்" என்பதைத் தெரிந்தாலே முற்றான புதுத் தொடக்கம் கிட்டும். வாரம் ஒருமுறை இதனைச் செய்வது நலம்.

நச்சுநிரல் பற்றியும் ஒரு வார்த்தை. பாடக் குறிப்பை அச்சிடுவதற்காகப் பிள்ளைகள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நகரத்துக் கொமியூனிகேஷன் கடைக்குப் போகின்றனர். பலருடைய பென் டிரைவும் செருகப்படும் கணினியிலிருந்து குறிப்பு அச்சாகி வருவதோடு, நச்சுநிரலும் வீட்டுக்கு வந்து சேர்கின்றது. வீட்டிற் செருகியவுடன் முதலில் அதனைச் சோதித்த பின்னரே திறக்க வேண்டும். அன்றியும், "ஒரே அழுத்தில் உங்கள் கணினியைப் பத்து மடங்கு விரைவாக்குவோம்" என்று இணையத்திற் கூவி விற்கும் மென்பொருள்களை நம்பாதீர்கள். அவற்றுட் பல தாமே ஒரு சுமையாகும். சில திருட்டுச் சரக்கு. விண்டோஸ் பத்திலும் பதினொன்றிலும் அதனுடனேயே வரும் காப்பு மென்பொருள் சாதாரண வீட்டுக்குப் போதுமானது.

அடுத்தது தூசி. சோளகக் காற்று வீசும் மாதங்களில், உழுத வயலின் புழுதியும் கிரவல் வீதியின் செம்மண்ணும் யன்னல் வழியே உட்புகுந்து கணினியின் விசிறியிற் படிகின்றன. போதாதற்கு எறும்பும் பல்லியும் அங்கே குடியேறும். குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. காற்று வழி அடைபட, சில்லு சூடேறுகின்றது. சூடு ஏறத்தாழ 90, 100 பாகையை அணுகும்போது, தான் கருகிப்போகாதிருப்பதற்காகச் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடையில் மதியம் மெதுவாகவும் இரவில் விரைவாகவும் ஓடும் கணினியை நீங்கள் கண்டிருந்தால், காரணம் இதுவே. மின் தொடர்பை முற்றாகக் கழற்றி, சிறிது நேரம் பொறுத்து, பக்கப் பலகையைத் திறந்து, மென்மையான உலர்ந்த தூரிகையாற் புழுதியை நீக்குங்கள். விசிறியை விரலாற் பிடித்துக்கொண்டே துடைக்க வேண்டும். அது வேகமாகச் சுழலலாகாது. ஈரத்துணி கூடாது. மின்வழங்கிப் பெட்டியை மாத்திரம் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். தொடர்பைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இத்தனையும் செய்த பின்னரும் கடிகாரம் திருப்தி தரவில்லையாயின், சிறு செலவுக்கு ஆயத்தமாகலாம். இங்கே முதலிடம் எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத சேமிப்பகத்துக்கே. அதில் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. சுழலும் தட்டு வினாடிக்கு அறுபது எழுபது தேடல்களைச் செய்ய, இது பல்லாயிரம் தேடல்களைச் செய்யும். எழும்ப ஐந்து நிமிடம் எடுத்த கணினி, இதனைப் பொருத்தியபின் ஒரு நிமிடத்துக்குள் எழும்புவது சாதாரணம். பழைய தட்டை வீசிவிட வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் படங்களை வைக்கும் இரண்டாவது களஞ்சியமாகட்டும். ஒரு குறிப்பு: சுழலும் தட்டிற் சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் "டிஃப்ராக்" வேலை பயனுள்ளது, எஸ்.எஸ்.டி.க்கு அது வேண்டியதில்லை.

இரண்டாவது, நினைவகத்தைப் பெருக்குதல். 2 கிகாபைற்று இன்று போதாது. 4 கிகாபைற்றும் தட்டுத்தடுமாறவே செய்யும். 8 கிகாபைற்று இருந்தால் படிப்புக்குரிய வேலைகள் தடையின்றி நடக்கும். வாங்குமுன் பழைய துண்டையே கழற்றிக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். டி.டி.ஆர். மூன்றுக்கும் நான்குக்கும் வெட்டுக்குறி இடம் மாறியிருக்கும். ஒன்றின் குழியில் மற்றொன்று பொருந்தாது. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருப்பின் 4 கிகாபைற்றுக்கு மேல் எத்தனை சேர்த்தாலும் பயனில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, இயக்கும் மென்பொருளைப் பற்றியது. விண்டோஸ் பத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. பதினொன்றாம் பதிப்போ, 2018ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பெரும்பாலான கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. எனின், நல்ல உறுப்புகளையுடைய கணினியைக் குப்பையிற் போடுவதா? வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தம் வீட்டுக் கணினியிற் தொடங்கிய லினக்ஸ் இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. லினக்ஸ் மின்ட், லுபுண்டு முதலிய இலகுவான வடிவங்கள் பழைய கணினிக்கு ஏற்றவை. தமிழும் அவற்றில் எழுதலாம். பென் டிரைவில் ஏற்றி, தட்டில் எதையும் மாற்றாமலே ஒரு கிழமை பரீட்சித்துப் பார்க்கலாம். அச்சுப் பொறி இயங்குகின்றதா, பாடசாலைக்கு வேண்டிய மென்பொருள் அதில் உண்டா என்று தெளிந்த பின்னர் முடிவு செய்யுங்கள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது இம்மாற்றத்தில் இறங்குவது விவேகமன்று. பதறாத காரியம் சிதறாது.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை நாம் அனுபவித்தோம். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென மின் நின்றால், சுழலும் தட்டும் அதிலுள்ள கோப்புகளும் ஊறுபடும். பட்டறியுடன் கூடிய யூ.பி.எஸ். பெட்டி ஒன்று, முறைப்படி அணைப்பதற்குச் சில நிமிட அவகாசத்தைத் தருகின்றது. மேசைக் கணினி உள்ள வீட்டுக்கு இது ஆடம்பரம் அன்று.

இறுதியாக ஓர் எல்லையையும் சொல்லிவிடுதல் நேர்மை. எல்லாக் கணினியையும் மீட்க முடியாது. தாய்ப்பலகை பழுதுபட்டதும், பொருத்துவதற்கு நினைவகமே சந்தையிற் கிடைக்காத அளவு பழையதுமான யந்திரத்துக்கு மேலும் மேலும் பணம் இறைப்பது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும். செலவு, அதே தரத்து இரண்டாங் கைக் கணினியின் விலையிற் பாதியைத் தாண்டுமாயின் நிறுத்திக்கொள்வது நல்லது.

நாம் தொடக்கத்திற் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். தந்தை சங்கிலியை எடுக்குமுன், மகள் ஒரு தாளையும் சுவர்க் கடிகாரத்தையும் எடுக்கட்டும். முதற் சனிக்கிழமை படங்களுக்கும் உறுதிக்கும் பிரதி. அடுத்த சனிக்கிழமை வேண்டாத மென்பொருள்களை நிறுத்தித் தூசியைத் துடைத்தல். அதன் பின்னும் வேண்டுமாயின் ஓர் எஸ்.எஸ்.டி. இக்காரியங்களிற் பெரும்பாலானவற்றை உயர்தரம் படிக்கும் பிள்ளை தானே செய்யலாம். கைகொடுக்கத் தெரிந்தவர்களும் இன்று தொலைவில் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கே பயிலும் அயல் வீட்டு அண்ணனோ அக்காவோ விடுமுறைக்கு ஊர் வரும்போது, அரைநாள் உதவி கேட்பதில் வெட்கம் எதற்கு? சில ஆண்டுகளில் அவ்விடங்களில் ஒன்றில் அம்மகளும் பயிலக்கூடும். அன்று தனக்குப் பின்னால் வரும் பிள்ளையின் கணினியைத் திறந்து, முதலிற் படங்களைப் பிரதி செய்துவிட்டாயா என்று அவள் கேட்பாளாயின், இன்றைய இப்பேச்சுக்கு அதுவே போதிய பயன்.